மலையாளம் பேசும் பூனைக்கு ஒரு முத்திரை

கிளை நூலகங்களில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பட்டியல் போடுவது, அலமாரி அடுக்குவது, கணினியில் பதிவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் நான் அந்தக் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. என் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரே ஒரு சாமானைப் பற்றிச் சொல்கிறேன். வட்டமான, மரப்பிடி போட்ட நூலக முத்திரை. அதை வைத்து ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தவள் நான். மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், முழுக்க வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்த நூலகம் அருமனையிலிருந்து மலைப்பக்கமாக உள்ளே போகிற சாலையில் இருந்தது. ஒரே அறை, ஒரே ஆள். நூலகரும் நான்தான், கூட்டிப் பெருக்குகிறவளும் நான்தான். சுற்றிலும் ரப்பர் மரங்கள். காலையில் மரத்தில் பால் வெட்டி, அதை உறையவைத்து ரப்பர் ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு, பதினொரு மணிக்கு மேல் ஆட்கள் வருவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண் யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் டீச்சர்தான்.

ஒரு வருடம், தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவி பற்றிய அறிவிப்பு முழுக்க முழுக்கப் போனிலேயே சுற்றியது. கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் கழித்து மூன்று பெண்கள் என்னிடம் வந்து நின்றார்கள். மூவரிடமும் பட்டன் போன்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு டீச்சரே. எங்களுக்கு மட்டும் ஆரும் சொல்லல்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான்கு சுவருக்குள் இத்தனை புத்தகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு ஒரு அறிவிப்பைச் சொல்ல முடியாவிட்டால் நூலகம் எதற்கு? அடுத்த வாரமே வாசகர்களிடம் சொன்னேன்: உங்கள் போனில் வருவதை எல்லாம் எனக்கு அனுப்புங்கள், நான் அச்செடுத்து வைக்கிறேன். மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை, அதன்மேல் "போனில் வந்தவை" என்று எழுதிய ஒரு கோப்பு. தேர்வு அறிவிப்பு, பேருந்து நேர மாற்றம், மருத்துவ முகாம், மின்தடை எல்லாம் அதில் இருக்கும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் முதலில் அந்த மேசைக்குத்தான் போவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நூலகத்துக்குள் வருகிற எந்தத் தாளும் முத்திரை இல்லாமல் மேசைக்குப் போகக் கூடாது என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். நாளிதழைக்கூட வந்த உடனே குத்துகிறோம், இல்லாவிட்டால் சோறு பொதிந்து கட்ட யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போன் தாள்களையும் அப்படியே குத்தினேன். நான் வேலை பழகிய நூலகத்தில் ஒரு மூத்த நூலகர் இருந்தார். தலைப்பையாவது வாசிக்காமல் எதிலும் முத்திரை வைக்க மாட்டார். அரை மணி நேர வேலையைக் காலை முழுக்க இழுப்பார். நாங்கள் அவருக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறோம்.

எனக்கு அதிகம் அனுப்பியவர் செல்வராஜ் அண்ணன். கல்ஃபில் வெகுகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவர், தங்கமான மனிதர். அவர் போனுக்கு உலகம் முழுவதிலுமிருந்து வரும். ஒரு நாள் காலையில் பதினாறு தாள் அச்செடுத்தேன். வாசலில் புத்தகம் திருப்பித் தர ஆட்கள் நின்றார்கள். பதினாறையும் அடுக்கி, டப் டப் என்று குத்தி, கோப்பில் சொருகிவிட்டு அவர்களைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அதில் ஒரு தாள், சர்க்கரை நோய்க்கு ஒரு இலைச் சாறு பற்றியது. நாற்பது நாள் குடித்தால் போதும், ஊசியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று எழுதியிருந்தது. அந்த இலையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இன்னொரு சுற்று விட்டுவிடுவார்கள்.

இனி தங்கலீலா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நான் லீலாக்கா என்பேன். விடியுமுன் பால் வெட்டுக்குப் போகிறவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பார், கண் தெரியாத இரண்டு பேருக்குச் சத்தமாகவும் வாசித்துக் காட்டுவார். பல வருடமாகச் சர்க்கரை நோய், தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி.

ஒரு வாரத்துக்கு மேல் அவர் வரவில்லை. அவருடைய நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்தேன். மழைக்காலம், ஏதாவது வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு வியாழக்கிழமை மதியம் அவருடைய மகள் ஷீபா வந்தாள். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள். வணக்கம்கூடச் சொல்லாமல் போனை என் முன்னால் நீட்டினாள்.

"டீச்சரே, இது நீங்க போட்டதா?"

அந்த இலைத் தாளின் படம். என் கோப்பிலிருந்து யாரோ பிடித்தது. வலது கீழ் மூலையில் என் முத்திரை ஊதா நிறத்தில் பளிச்சென்று விழுந்திருந்தது. படத்துக்கு மேலே யாரோ புதிதாக எழுதிச் சேர்த்திருந்தார்கள்: "அரசு நூலகமே வெளியிட்ட உண்மை. அனைவருக்கும் பகிரவும்." போனிலிருந்து என் மேசைக்கு வந்தபோது அது வெறும் வதந்தி. என் மேசையிலிருந்து போனுக்குத் திரும்பியபோது அரசாங்க உத்தரவாகிவிட்டது.

"ஒம்பது நாளாச்சு அம்மை ஊசி போட்டு," என்றாள் ஷீபா. "நான் சொன்னா ஏறல்ல. லைப்ரரி சீல் இருக்கு, டீச்சர் தப்பாட்டு ஒண்ணும் வைக்க மாட்டாவன்னு ஒரே பிடியில நிக்கா. கால்ல ஒரு புண்ணு வேற. நேத்தையிலேருந்து வாந்தி."

உடனே மேலதிகாரிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சீல் போலின்னு ஒரு மெசேஜ் போட்டுருங்கம்மா. எவனோ கம்ப்யூட்டர்ல ஒட்டிட்டான்னு சொல்லுங்க. அந்தக் கோப்ப எடுத்து உள்ள வைங்க. யாரு வந்து கேக்கப் போறா?"

எனக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. "இந்த முத்திரை போலியானது, நம்ப வேண்டாம்" என்று தட்டச்சு செய்தேன். அனுப்புவதற்கு விரல் போய்விட்டது. எதிரே ஷீபா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. லீலாக்கா போனில் படம் பார்த்து நம்பியவர் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். என் மேசையில் உட்கார்ந்து, என் கோப்பைத் திறந்து, அந்தத் தாளைக் கையால் தொட்டு வாசித்தவர். முத்திரை போலி என்று நான் சொன்னால், நான் பொய் சொல்கிறேன் என்று உலகத்திலேயே அவருக்குத்தான் முதலில் தெரியும். டீச்சர் மேலிடத்துக்குப் பயந்து மாற்றிப் பேசுகிறார், அப்படியானால் இலை உண்மைதான் என்று இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். எழுதியதை அழித்தேன்.

"இன்று மதியத்துக்கு மேல் விடுமுறை" என்று கதவில் எழுதி ஒட்டினேன். கோப்பிலிருந்த அசல் தாள், முத்திரை, மைப்பெட்டி மூன்றையும் பையில் போட்டேன். முத்திரையை எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அதை அங்கே தனியாக விட்டுப் போகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். ஷீபா பிடித்த ஆட்டோவில் போய் இறங்கி, அதை வாசலிலேயே நிற்கச் சொன்னோம்.

லீலாக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு குடம், ஒரு டம்ளர். இடது கால் சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. கால்மாட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை.

"டீச்சரே, வந்தியளா? இரியுங்க. ஏட்டி, டீச்சருக்குக் கட்டன்சாயா இடு."

"கட்டன் வேண்டாம் லீலாக்கா. அந்தத் தாளு தப்பு. ஊசிய நிறுத்தக் கூடாது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"பின்ன எதுக்கு சீல் வச்சிய?"

"வாசிக்காம வச்சிட்டேன்."

அவர் சிரித்தார். "சும்மா சொல்லாதிய. இவ வந்து அழுதிருப்பா, நீங்க மனசு கேக்காம வந்திருக்கிய."

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் என்றேன். டாக்டர் மாதாமாதம் ஊசியின் அளவைக் கூட்டத்தான் செய்கிறார் என்றார். வாந்தி வருகிறதே என்றேன். உடம்பிலுள்ள நஞ்சு வெளியே போகிறது, அதுவும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்றார். தாளை எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. எழுதியவன் எல்லா வாசலையும் அடைத்து வைத்திருந்தான். பிறகு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கு வீட்டுல பிரிட்ஜ் இல்ல டீச்சரே. மருந்து அடுத்த வீட்டுப் பிரிட்ஜிலயாக்கும் இருக்கு. தெனமும் ரெண்டு நேரம் அவளுக்க படி ஏறணும். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. மூஞ்சிய மட்டும் ஒரு மாதிரி வைப்பா. இந்த எலை எனக்க வேலியில நிக்கு. ஆருக்க படியும் ஏறண்டாம்."

இவர் ஏமாந்தவர் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். படி ஏறி ஏறி அலுத்துப்போனவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்கள் மேசைக்கு ஒரு பொய்யோடு யாராவது வந்தால், அது அவருக்கு எந்தப் படியை மிச்சப்படுத்துகிறது என்று முதலில் கேளுங்கள்.

பேசிப் பயனில்லை. இன்னொரு டாக்டர் பெயரையோ இன்னொரு தாளையோ காட்டினால், அதிலும் யார் முத்திரை பெரியது என்ற கணக்குத்தான் வரும். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். கொட்டை எழுத்தில் எழுதினேன். மைப்பெட்டியைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே கட்டில் சட்டத்தில் வைத்து, ஓங்கி ஒரு முத்திரை குத்தினேன்.

"சத்தமாட்டு வாசியுங்க லீலாக்கா."

நாளிதழ் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்: "தங்கலீலா வீட்டுப் பூனை மலையாளம் பேசும். அதன் பேச்சை நாற்பது நாள் கேட்டால் சர்க்கரை நோய் குணமாகும். ஊசி தேவையில்லை."

ஷீபா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். லீலாக்கா சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"இது பொய்யாக்கும் டீச்சரே!"

"சீல் இருக்கே லீலாக்கா."

"நீங்கதானே இப்பம் எனக்க கண்ணு முன்ன குத்தினிய!"

"அந்த எலைத் தாளுலயும் நான்தான் குத்தினேன். அத நீங்க பாக்கல்ல. வேற வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

இரண்டு தாளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு முத்திரையின் மேலும் விரலை வைத்து வட்டமாகச் சுற்றினார்.

"அப்பம் இந்த சீலு என்னத்துக்கு?"

"தாள ஆரும் வீட்டுக்குக் கொண்டு போவாம இருக்க. அதுக்கு மட்டுந்தான்."

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். என் வேலைக்காலத்தில் எந்த அதிகாரியும் என்னை அப்படித் திட்டியதில்லை.

"ஒம்பது நாளு எனக்க உடம்ப வச்சு வெளையாடிட்டியளே! எழுத்து கூட்டி வாசிக்குத எனக்கு அறிவில்லன்னு வையுங்க. இத்தன படிச்ச உங்களுக்கு, அந்தத் தாள ஒருக்க வாசிச்சுப் பாக்க நேரம் கிட்டலியா?"

நின்று கேட்டுக்கொண்டேன். வாசலில் ஆள் நின்றது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. கட்டிலிலிருந்து காலைக் கீழே ஊன்றினார்.

"ஏட்டி, நோக்கிட்டு நிக்காத. அந்த ஆட்டோவ விடாத."

அரசு ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். புண்ணைப் பார்த்த டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா" என்று ஆரம்பித்து, ஷீபாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உயிர் தப்பியது. இடது கால் சுண்டுவிரல் தப்பவில்லை. அதை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து இரண்டு தாளையும் படம் பிடித்து, வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கூடவே என் குரலில் பேசி அனுப்பினேன். முத்திரை என்னுடையதுதான், தப்பும் என்னுடையதுதான், வாசிக்காமல் குத்தினேன், ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஊசியை நிறுத்தியவர்கள் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றேன். லீலாக்காவின் அனுமதி வாங்கித்தான் சொன்னேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. அந்த மேசையில் உட்காருகிற சர்க்கரைக்காரர்கள் எனக்குத் தெரிந்து லீலாக்காவைத் தவிர ஏழு பேர். ஏழு வீட்டுக்கும் நடந்தே போனேன். இன்னொருவரும் ஊசியைப் பாதியாகக் குறைத்திருந்தார். அவரையும் பிடித்துக்கொண்டுபோய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தோம்.

செல்வராஜ் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அதை அனுப்பியது கல்ஃபிலுள்ள மச்சான், மச்சானுக்கு அனுப்பியது அவர் அறையில் தங்கியிருப்பவர். அதற்குமேல் தடம் இல்லை. வழியில் இருந்தவர்கள் எல்லோரும் பாசத்தில் அனுப்பியவர்கள்தான்.

பூனைத் தாள் இலைத் தாளைவிட வேகமாக ஓடியது. மாவட்டத்தின் மறுகோடியில், கொட்டாரத்தில் இருக்கிற என் சித்தி மகள் போனுக்கே அது போய்ச் சேர்ந்தது. ஒருவர் பைக்கில் வந்து, அந்தப் பூனை எந்த வீட்டில் என்று நூலகத்திலேயே விசாரித்தார். சிரிக்காதீர்கள், அவர் பட்டதாரி.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். போன் மேசையை மூடச் சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. மூடினால் என் முத்திரை சுத்தமாக இருக்கும், அந்த மூன்று பெண்களும் மறுபடியும் கடைசித் தேதி முடிந்து வந்து நிற்பார்கள். மேசையை எடுக்க மாட்டேன், மேசையில் வைக்கிற முறையை மாற்றுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையெழுத்தில் சில வரிகள் இருக்கும்: யார் எழுதியது, எப்போதைய செய்தி, நான் யாரிடம் கேட்டேன், அவர் என்ன சொன்னார். விடை கிடைக்காவிட்டால் "விசாரித்தேன், தெரியவில்லை" என்று எழுதினேன். அப்படி எழுத முதலில் கூச்சமாக இருந்தது. டீச்சருக்கே தெரியவில்லையா என்று கேட்டார்கள். ஆமாம், தெரியவில்லை என்றேன். பதினாறு தாள் வைத்த இடத்தில் ஒரு நாளைக்கு மூன்று தாள்தான் வைக்க முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து லீலாக்கா வந்தார். மெதுவாக நடந்து வந்து, தன் நாற்காலியில் உட்காராமல், நேராகப் போன் மேசைக்குப் போனார். மேலே இருந்தது ஒரு கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு.

"டீச்சரே, இது ஆருகிட்ட கேட்டிய?"

"கீழ எழுதியிருக்கேனே, செவிலியர் அம்மாகிட்ட."

"எப்பம் கேட்டிய?"

"போன வாரம்."

"இப்பம் ஒருக்க கேளுங்க."

கேட்டேன். முகாம் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தது. தாளைத் திருத்திவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தியும் இல்லை, அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை எனக்கு உண்மையான மேலதிகாரி அவர்தான். மருந்து இன்னும் அடுத்த வீட்டுப் பிரிட்ஜில்தான் இருந்தது. ஆனால் படி ஏறுவது இப்போது ஷீபா.

கடைசி நாள் பொறுப்பு ஒப்படைக்கும்போது, எனக்குப் பதிலாக வந்தவர் பதிவேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். சாவி இரண்டு, அலமாரி ஒன்பது, முத்திரை ஒன்று, மைப்பெட்டி ஒன்று. நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். அன்றைய நாளிதழ்களும் மூன்று போன் தாள்களும் மேசையில் குத்தாமல் கிடந்தன. எழுதி முடித்ததும் அவர் முத்திரையை எடுத்து மையில் தட்டினார்.

லீலாக்கா எழுந்து வந்தார்.

"சாரே, நீங்க வாசிச்சிட்டுதானே குத்துவிய?"

"பின்ன இல்லாம? கவலப்படாதீங்கம்மா," என்று சிரித்துக்கொண்டே அவர் முதல் தாளை இழுத்தார்.

லீலாக்கா சிரிக்கவில்லை. இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலை மேசைக்குப் பக்கத்தில், புதியவர் கண்ணில் படும்படி தரையில் முன்னால் எடுத்து வைத்தார். வந்தவர் குனிந்து பார்த்தார். நான்கு விரல்களை எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தார்.

அவர் முத்திரையை இழுப்பறையில் வைத்து மூடினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் தாளை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.